எட்டு மணி நேரக் கூத்தை இருபது நிமிடத்தில் எப்படிக் காட்டுவது?

கட்டியக்காரி (ஜெர்சி சிட்டி) கேட்டது:

வணக்கம். காஞ்சிபுரம் பக்கம் மூன்று கோடை விடுமுறைகளில் கட்டைக்கூத்து (தெருக்கூத்து என்றும் சொல்வார்கள்) கற்றவள் நான். கணவரின் வேலைக்காக இங்கே வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கல்யாண முருங்கை மரத்தில் செய்த, தோளில் கட்டும் புஜக்கட்டைகளும் சலங்கையும் பெட்டியில் வந்துவிட்டன. முகவீணை என்கிற ஊதுகுழலை வாசிப்பவரை எப்படிப் பெட்டியில் போடுவது? அவர் வாசிக்க வேண்டிய இடத்தில் கார் நிறுத்தும் தளத்தின் காற்றாடி இரைச்சலைப் பதிவுசெய்து ஓடவிடுகிறேன். அதை வைத்துத் துரியோதனன் வேஷத்தில் ஒரு தனியாள் நிகழ்வு வளர்ந்துகொண்டிருக்கிறது. ஒத்திகை, அடுக்ககத்தின் துணி துவைக்கும் அறையில். இரவு பத்து மணிக்கு மேல் கால் வைத்தால் மேல்வீட்டுக்காரர் பதிலுக்குத் தரையை உதைக்கிறார்.

வெள்ளையரல்லாத பரிசோதனை நாடகக் கலைஞர்களுக்கென்றே மான்ஹாட்டனில் ரெசிடென்சி, அதாவது படைப்பை வளர்க்க இடம் தரும் திட்டம், உண்டு என்று தோழி சொன்னாள். விண்ணப்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விழிக்கிறேன். ஊரில் என்னைக் ‘கறுப்பி’ என்று கூப்பிட்ட அத்தைக்கு, அது இங்கே ஒரு படிவத்தில் டிக் செய்யும் கட்டமாக இருக்கிறது என்று தெரிந்தால் சிரிப்பாள். போகட்டும். விடிய விடிய ஆடும் கூத்தை இருபது நிமிடத்தில் காட்டு என்றால் என்ன செய்வது? இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சிறிய அரங்கில் என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் பாலிவுட் சேர்க்க முடியுமா?” என்றார்கள். மறுபடி அதே கதைதானா? இன்னொன்று: எனக்கு எச்-4 விசா (கணவரின் வேலை விசாவை ஒட்டிக் கிடைப்பது), வேலை அனுமதி அட்டை இல்லை.

விளக்குக்காரன் (குயின்ஸ்) எழுதியது:

சிறிய அரங்குகளில் பதினொரு வருடமாக விளக்கு மாட்டுகிறவன் நான். ரெசிடென்சி என்றால் விருது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அது ஒரு சாவி. இத்தனை நாள், இத்தனை மணி நேரம் இந்த அறை உங்களுடையது. கூடவே கொஞ்சம் பணம், என்னைப் போல ஓர் ஆள், கடைசியில் இன்னும் முடிவடையாத படைப்பை அப்படியே பார்க்கச் சில பார்வையாளர்கள். ஃபர்ஸ்ட் அவென்யூவில் பழைய பள்ளிக் கட்டடத்தில் இருக்கும் மாபு மைன்ஸ், 1970இல் தொடங்கிய பரிசோதனை நாடகக் குழு. உங்கள் தோழி சொன்னது அவர்களுடைய சூட்/ஸ்பேஸ் திட்டமாக இருக்கலாம். ‘ஹியர்’ என்ற அரங்கின் ரெசிடென்சி வேறு மாதிரி: ஒரே படைப்பைச் சில வருடங்கள் உட்கார்ந்து வளர்ப்பது.

விண்ணப்பக் கட்டுரையை அழகாக எழுதுவதைவிட முக்கியம், தரை எப்படி என்று கேட்பது. சிமெண்ட் மேல் வினைல் ஒட்டியிருந்தால் சலங்கையோடு குதிக்கிற முழங்கால் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஒப்பனைக்கு எத்தனை மணி நேரம் முன்னதாகக் கதவு திறப்பார்கள்? அகல்விளக்கு, கற்பூரம் உண்டா? இந்த நகரத்தில் மேடையில் நெருப்பு என்றால் தீயணைப்புத் துறையின் அனுமதி வேண்டும், முதல் நாளே சொல்லிவிடுங்கள். புஜக்கட்டையில் கண்ணாடிச் சில்லுகள் இருக்குமே, அதற்கு மேலிருந்து வெளிச்சம் போட்டால் வீண். பக்கவாட்டில், தோள் உயரத்தில் ஒரே ஒரு விளக்கு போதும். சுழலும்போது சுவரெல்லாம் பொறி பறக்கும்.

ஒன்பதாம் தெருக்காரி எழுதியது:

எல்லன் ஸ்டூவர்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உடை வடிவமைத்துக்கொண்டிருந்த கறுப்பினப் பெண். 1961இல் கிழக்கு ஒன்பதாம் தெருவில் ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்தார். அங்கே ஆண்கள் வந்து போவதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் விபசார விடுதி என்று புகார் கொடுத்தார்கள். சோதனைக்கு வந்த அதிகாரியே காபிக் கடை உரிமம் வாங்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தார். அதுதான் லா மாமா என்ற பரிசோதனை நாடக அரங்கு. 2018இல் அதற்கு அமெரிக்க நாடகத் துறையின் டோனி விருது கிடைத்தது. அன்றைக்குப் படிவமும் இல்லை, கட்டமும் இல்லை. பணமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே கட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் டிக் செய்யுங்கள். ஆனால் ‘கூத்து என்பது தொன்மையான கலை’ என்று பாடம் எடுக்கும் பத்தியை அடித்துவிடுங்கள். அதைப் படித்துத்தான் பாலிவுட் கேட்கிறார்கள்.

எச்-4: அட்டை இல்லாமல் உதவித்தொகை வாங்காதீர்கள். ‘சும்மா அன்பளிப்பு’ என்று யாராவது சொன்னாலும் வாங்காதீர்கள். விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அந்தச் செலவு வீண் போகாது.

மேல்மருவத்தூரான் எழுதியது:

ஒரு நெருடல். இங்கே எல்லோரும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுகிறோம். ஊரில் கூத்தாடி என்ற சொல்லை வசவாக வைத்திருந்தது யார்? உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் விண்ணப்பத்தில் எங்கே வருகிறது?

கட்டியக்காரி எழுதியது:

வாத்தியார் பெயர் எங்குமே இல்லை. வெட்கமாக இருக்கிறது. பாடப் பத்தியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவரிடம் நான் கற்றது என்ன, அவருக்கு என் பணத்தில் எவ்வளவு போகும் என்று எழுதினேன்.

இருபது நிமிடத்துக்கும் வழி கிடைத்துவிட்டது. கூத்தில் வேஷம் வரும்போது இரண்டு பேர் திரைத் துணியைப் பிடித்துக்கொள்ள, ராஜா வேஷக்காரர் அதன் பின்னால் நின்று பாடுவார். கிரீடத்தின் நுனி தெரியும், கால் தெரியும், முகம் மட்டும் தெரியாது. அதையே இருபது நிமிடமும் செய்யப்போகிறேன். திரை விலகாது. வழக்கறிஞரைச் செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன்.

இப்போது ஒரே சிக்கல், ஒத்திகைக்குத் துணி பிடிக்க ஆள் வேண்டும். கணவருக்குக் கை வலிக்கிறதாம்.

விளக்குக்காரன் எழுதியது:

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. ஒரு முனையை நான் பிடிக்கிறேன். பத்து மணிக்குள் முடித்துவிடுவோம், மேல்வீட்டுக்காரரும் பாவம்.