"ஃபாஸ்ட் லென்ஸ்" என்பதற்குத் தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

அஸ்தம்பட்டியிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஒளிப்படப் பயிற்சி வகுப்புக்கான கையேடு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கென்று (தனிச் சாளரத்தில் தெரியும் இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்கிக் குவியம் வைக்கும் வகை) வந்த லைக்காவின் 35 மி.மீ. சம்மிக்ரான் லென்ஸைப் பதிப்பு வாரியாக ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். 1958இல் எட்டுக் கண்ணாடி, 1969இல் ஆறு, 1979இல் ஏழு, 1997இல் கோளமல்லாத பரப்பு சேர்ந்த ஏழு. உள்ளே இவ்வளவு மாறியும் எல்லாமே எஃப்/2தான். எஃப் எண் குறையக் குறைய ஒளி அதிகம் உள்ளே வரும்; அப்படி அதிகம் வாங்கும் லென்ஸைத்தான் ஆங்கிலத்தில் ஃபாஸ்ட் என்கிறார்கள். "சின்னதாகவும் ஃபாஸ்ட்டாகவும் உள்ள அகலக்கோண லென்ஸ்" என்ற வரியில் நிற்கிறேன். "விரைவு லென்ஸ்" போடலாமா?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

விரைவு வேண்டாம் தம்பி. இப்போது வரும் பிள்ளைகள் அதை ஆட்டோஃபோகஸ் வேகம் என்றே எடுத்துக்கொள்வார்கள். சம்மிக்ரானில் வளையத்தைக் கையால் திருப்பி, இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்க வேண்டும். வேகம் ஷட்டருக்குத்தான் கிடைக்கிறது. எங்கள் தெருக் கொலுசுப் பட்டறையில் ஒற்றை பல்புதான். எஃப்/4 வைத்தால் 1/15 வினாடி. பற்றவைக்கும் கை கலங்கிவிடும். எஃப்/2 திறந்தால் 1/60. கண்ணியைப் பிடித்த இடுக்கி முனைகூடத் தெளிவாக நிற்கும். தொழிலில் "லைட் நல்லா வாங்கும்" என்போம். அதையே "ஒளிவாங்கி லென்ஸ்" ஆக்கிவிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து:

ஒலிவாங்கி என்றால் மைக் என்று ஏற்கெனவே ஆகிவிட்டது, ஐயா. வகுப்பில் வாயால் சொல்லும்போது ளகரமும் லகரமும் பிடிபடாது.

என் பரிந்துரை "கடிவில்லை". தொல்காப்பிய உரியியலில் "கடி" என்ற ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் உண்டு. அவற்றில் விரைவு, விளக்கம், மிகுதி, கூர்மை நான்கும் இருக்கின்றன. ஷட்டர் விரைவு, ஒளி மிகுதி, படத்தின் கூர்மை எல்லாம் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன! அடுத்த நூற்பா இதோடு ஐயத்தையும் கரிப்பையும் (உறைப்பு) சேர்க்கிறது. கரிப்புக்கு உரைகாரர் காட்டுவது கடிமிளகு. இங்கே சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிடக்கும் மிளகைப் பார்க்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். இவ்வளவு வளமான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

சூரமங்கலத்திலிருந்து:

அம்மா, சொல் அழகுதான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கடி என்றால் பல்லால் கடிப்பதுதான். உரியியலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு லென்ஸுக்கு வர நேரம் இருக்காது. பேசாமல் "பெருந்துளை லென்ஸ்" என்று போடுங்கள். துளை பெரிது, அவ்வளவுதானே.

கன்னங்குறிச்சியிலிருந்து:

அவ்வளவுதான் இல்லை. 35 மி.மீ. எஃப்/2க்குத் துளை 17.5 மி.மீ. 200 மி.மீ. எஃப்/4க்கு 50 மி.மீ. துளை பெரிதாக இருந்தும் பின்னதுதான் ஒளி குறைந்த லென்ஸ். எஃப் எண் என்பது குவியத் தொலைவுக்கும் துளைக்கும் உள்ள விகிதம். இயற்பியல் படித்த நம்மவர்களே இதைத் தவறாக எழுதக் கூடாது. ஜெர்மன்காரர்கள் வேகம், துளை இரண்டையும் விட்டுவிட்டு ஒளிவலு என்ற பொருளில் சொல்கிறார்கள். நாமும் "ஒளிவலு லென்ஸ்" எனலாம்.

"சின்னது" என்பதையும் விட்டுவிடாதீர்கள். லென்ஸின் குழல் பருத்தால், கண் வைத்துப் பார்க்கும் காட்சிச் சாளரத்தின் மூலையை மறைக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் அது பெரிய தொல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இடையில் ஒரு கேள்வி. நீங்கள் எல்லோரும் ஏன் லென்ஸை அப்படியே விடுகிறீர்கள்? எங்கட பள்ளிப் புத்தகங்களில் வில்லைதான். குவிவு வில்லை, குழிவு வில்லை என்றே படித்து வளர்ந்தோம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

இங்கே பாடநூலில் குவிலென்ஸ், குழிலென்ஸ். எங்கள் தெருவில் வில்லை என்று கேட்டால் சடைவில்லையை எடுத்து வைப்பார்கள். அதனால்தான்.

ஒளிவலு சரி, ஆனால் மின்விளக்குக்குச் சொல்வதுபோல இருக்கிறது. வாங்கி வேண்டாமென்றால் "ஒளியள்ளி" சொல்லிப் பாருங்களேன். லென்ஸ் செய்கிற வேலை அதில் அப்படியே இருக்கிறது.

ஏற்காட்டிலிருந்து:

மாரண்டஅள்ளி மாதிரி தருமபுரிப் பக்கத்து ஊர்ப்பெயர் என்று நினைக்க மாட்டார்களா?

கன்னங்குறிச்சியிலிருந்து:

பக்கத்தில் லென்ஸ் என்று இருந்தால் நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒளியள்ளி என்பது ஒப்புநோக்கில் சொல்வது என்று அடியில் ஒரு வரி போடுங்கள். 35 மி.மீ.க்கு எஃப்/2 நல்ல ஒளி, 50 மி.மீ.யில் அது சாதாரணம்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

அச்சகத்திலிருந்து மறுபடி கூப்பிட்டுவிட்டார்கள். ஒளியள்ளிக்கு நான்கு பேர், ஒளிவலுவுக்கு இரண்டு பேர், கடிவில்லைக்கு அம்மா மட்டும். கையேட்டில் "ஒளியள்ளி லென்ஸ்" போட்டு, அடியில் அந்த விளக்க வரியும் சேர்த்து அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

ஏற்காட்டிலிருந்து:

பெரும்பான்மை முடிவு, சரி. என் வகுப்பில் நான் கடிவில்லை என்றே எழுதுவேன். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடியும் கேட்பேன்.