டென்ட் போட்டுத் தங்கக் கிளம்பிய ராத்திரி: இன்னும் மனசை அரிக்கிற ஒரு விஷயம் உங்களுக்கு உண்டா?

திருநகர்க்காரர்

நானே ஆரம்பிக்கிறேன். 2019 டிசம்பர். கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் பூம்பாறையில், தெரிந்தவருடைய பூண்டுத் தோட்டத்து ஓரத்தில் ஒரு ராத்திரி. நான், மனைவி, ஆறு வயது மகன். சின்னக் கார், டிக்கி உங்களுக்கே தெரியும்.

முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு நான் ஹாலில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டென்ட், அடுப்பு, டார்ச், மடக்கு நாற்காலி இரண்டு. அவள் சமையலறையில் இருந்தாள். புளியோதரை கிளறி ஆற வைத்து, இட்லிக்குப் பொடி தடவி, என் அம்மாவின் மாத்திரைகளைக் காலை, ராத்திரி என்று தனித்தனியாகப் பிரித்து, பால் வேண்டாம் என்று சொல்லி, கடைசியாக சிங்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு தடவை சத்தம் கொடுத்தேன்: "பையில இடமில்லை, தேவையில்லாததை எடுத்து வை." பீரோ கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. என்ன எடுத்து வைத்தாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

பூம்பாறையில் ராத்திரி இரண்டு மணி இருக்கும், முழிப்பு வந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். சுடிதார் மேல் இன்னொரு சுடிதார், அதற்கு மேல் எங்கள் ஹாலில் விரிக்கிற ஜமுக்காளம். மகன் மடியில் தூங்குகிறான். "ஸ்வெட்டர் எங்கே?" என்றேன். "இடமில்லைன்னு சொன்னீங்கள்ல. உங்களோடதையும் பையனோடதையும் வச்சிட்டேன்." குரலில் கோபமே இல்லை. அந்த நேரத்தில் டிக்கியில் இரண்டு நாற்காலியும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. கோபித்திருந்தால் நான் இதை மறந்திருப்பேன்.

வில்லாபுரத்திலிருந்து

எங்கள் பயணம் நடக்கவே இல்லை. டென்ட் மட்டும் வாங்கினோம். பிள்ளைகள் நச்சரித்தார்கள் என்று முதலில் மொட்டை மாடியில் போட்டுப் பழகலாம் என்றார். சிமெண்ட் தரையில் முளை இறங்காது இல்லையா, கயிற்றைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயில் ஒரு பக்கமும், இருபது லிட்டர் கேனில் ஒரு பக்கமும் கட்டினோம். பிள்ளைகள் படுத்தவுடன் தூங்கிவிட்டன. அவர் எழுந்து வாசல் ஜிப்பை முழுக்க இழுத்து மூடினார். புழுக்கமாக இருக்கே, எதுக்கு என்று நினைத்தேன். அப்புறம்தான் சொன்னார், வேலை போய் நாற்பது நாள் ஆச்சு என்று. தினமும் நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் வீடு இரண்டே அறை, மாமியார், மூன்று பிள்ளைகள். இரண்டு பேர் மட்டும் பேச ஒரு மூலை கிடையாது. அது எனக்கு அன்றைக்கு வரை உறைக்கவே இல்லை. அடுத்த இரண்டு மாதத்தில் வேறு வேலை கிடைத்தது, அது சரி. ஆனால் அந்த நாற்பது நாளும், டிபன் பாக்ஸில் சோறு மிச்சம் வருகிறது என்று நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். டென்ட் பரணில் இருக்கிறது. தூசி தட்ட எடுக்கும்போதெல்லாம் அந்த ஜிப் சத்தம் கேட்கும்.

கே.புதூர் அண்ணன்

திருநகர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ஸ்வெட்டரை நினைத்து வருத்தப்படுகிறீர்கள், தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

என் கதை சின்னது. இதே மலையில், குளிர் தாங்காமல் கரி அடுப்பைக் கனலோடு டென்ட்டுக்குள் இழுத்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் வீட்டம்மா "தலை வலிக்குது, எனக்கு என்னமோ சரியாப் படலை" என்று இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் "பனியில நிக்காதே, உள்ளே வா" என்று அதட்டினேன். உள்ளே இருந்த நான் வாந்தி எடுத்த பிறகுதான் புரிந்தது. கரி எரிகிறபோது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு அவர் உள்ளே வந்திருந்தால்? இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

இனி போகிறவர்கள் கவனியுங்கள். குளிர் மேலே இருந்து வருவதைவிடக் கீழே இருந்துதான் அதிகம் வரும். நாம் படுத்த இடத்தில் போர்வை நசுங்கிவிடும், அதற்குள் காற்று நிற்காது, சூடு தரைக்குப் போய்விடும். அதனால் கீழே தார்ப்பாய், அதன் மேல் டென்ட், உள்ளே கோரைப்பாய், அதற்கு மேல் ஜமுக்காளம். திருநகர் தம்பி, அந்த ஜமுக்காளம் கீழே இருந்திருக்க வேண்டும். தார்ப்பாயின் ஓரம் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மழை பெய்தால் அதில் தேங்கித் தண்ணீர் அடியில் வந்துவிடும். உள்ளே சொட்டுகிறதே, டென்ட் ஓட்டை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பாதி நேரம் அது நம் மூச்சுக் காற்றின் ஈரம்தான். மேலே இருக்கிற காற்று வழியைத் திறந்து வையுங்கள். கொடைக்கானல் ஏழாயிரம் அடி, அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் சோறு வேக வெகுநேரம் ஆகும், குக்கர் எடுத்துப் போங்கள். 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். இடத்துக்காரர் சம்மதம், அங்கே டென்ட் போட அனுமதி உண்டா என்பது, இரண்டையும் முதலிலேயே கேளுங்கள். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் போடி பக்கம் குரங்கணித் தீயில் 23 பேர் போனது நமக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

அண்ணாநகர், கல்யாணமாகி நான்கு வருடம்

சிறுமலை. கிளம்புகிறபோதே சண்டை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவும் ஒரு வார்த்தை பேசாமல் ஏறினோம். இறங்கி டென்ட் போடப் போனால் ஒருவர் கம்பியை வளைத்துப் பிடித்தால்தான் இன்னொருவர் துணியை மாட்ட முடியும். "பிடிங்க" என்றேன். பிடித்தார். அதுதான் அன்றைக்கு முதல் பேச்சு. எதற்குச் சண்டை என்று இருவருக்கும் இப்போது ஞாபகம் இல்லை. கம்பியைப் பிடித்த அவர் கை நடுங்கியது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் நடுங்கியது என்று நான் கேட்கவில்லை.

மேலூர்ப் பக்கம், வயது 71 (பேத்தி எழுதித் தருகிறாள்)

வெளியில் தங்குவதைப் புதுசு மாதிரி எழுதுகிறீர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு நாங்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்து, ஆற்றங்கரையில் தங்கி, அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவோம். அரிசி, பருப்பு, விறகு, மாட்டுக்கு வைக்கோல், எல்லாம் வண்டியில்தான் வரும். புதூர்த் தம்பி சொன்ன கோரைப்பாயை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

1973, எனக்குக் கல்யாணமாகி முதல் சித்திரை. மாமியார், நாத்தனார், நான் மூவரும் வண்டிக்குள். அவுக மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தாக. நடுராத்திரி கோடை மழை. உள்ளே எங்கள் மேல் சாரலே படவில்லை, நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். காலையில் அவுக கண் சிவந்திருந்தது. "தூங்கலையா?" என்றதுக்கு "மாடு மிரண்டுச்சு" என்றாக.

வண்டிக்குப் பின்னால் திறந்த பக்கம் நான் தலை வைத்திருந்த பக்கம். அங்கே சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு மழை நிற்கிற வரை நின்றிருக்கிறாக. இதைப் பல வருஷம் கழித்துக் கொழுந்தனார் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அப்போதும் நான் அவுகளிடம் போய்க் கேட்கவில்லை, என்னவோ வெட்கம். இப்போது கேட்க ஆள் இல்லை, ஆறு வருஷமாச்சு.

வில்லாபுரத்திலிருந்து

புதூர் அண்ணே, நீங்கள் சொன்னது அத்தனையும் உபயோகமானதுதான், கரி அடுப்பு விஷயத்தை நான் குறித்துக்கொண்டேன். ஆனால் திருநகர் அண்ணன் குளிருக்கு வழி கேட்கவில்லை. ஜமுக்காளத்தைக் கீழே விரித்திருந்தால் அந்த அக்காவுக்கு ஸ்வெட்டர் வந்துவிடுமா?

கே.புதூர் அண்ணன்

வராது தங்கச்சி. ஒத்துக்கொள்கிறேன். எனக்கு இப்படிச் சொல்லித்தான் பழக்கம். உங்கள் டென்ட்டைப் பரணில் சுருட்டியே வைக்காதீர்கள், வருடத்துக்கு ஒரு தடவை வெயிலில் காட்டுங்கள், இல்லையென்றால் உள்பூச்சு ஒட்டிப் பிசுபிசுத்துவிடும்.

திருநகர்க்காரர்

மேலூர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி என் மனைவியிடம் கேட்டே விட்டேன். பூம்பாறையில் அன்றைக்கு ரொம்பக் குளிர்ந்ததா, என் மேல் வருத்தமா என்று. துணி மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"குளிர் ஞாபகமில்லைங்க. பையன் மடியில இருந்தான்ல. அந்த ஜமுக்காளம்தான். புகை வாசனை போகவே இல்லை, மூணு தரம் ஊறவச்சு அடிச்சுத் துவைச்சேன். ரெண்டு நாள் கை தூக்க முடியலை."

அவள் அதைத் துவைத்தது எனக்கு இன்றைக்கு வரை தெரியாது.