மெய்கண்டாரின் முதல் சூத்திரம் கடவுளை நிறுவுகிறதா?

பெண்ணையாறன்:
தமிழில் கடவுளுக்குப் பக்திதான் உண்டு, தர்க்கம் இல்லை என்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து வருந்தினேன். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதம் 12 சூத்திரம், 40 அடி. முதல் சூத்திரமே கடவுளுக்கான வாதம்தான். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. அப்படிப்பட்டது செய்யப்பட்ட பொருள். செய்பவன் ஒருவன் வேண்டும். எவனிடம் ஒடுங்கியதோ அவனிடமிருந்தே மீண்டும் தோன்றும். ஆகவே ஒடுக்குபவனே முதல்வன். இதில் எங்கே ஐயா "நம்பு" என்ற கட்டளை?

கதிரொளி:
தர்க்கம்தான், மறுக்கவில்லை. நிறுவிவிட்டது என்பதைத்தான் மறுக்கிறேன். மரமும் மனிதனும் தோன்றி மறைவதைக் கண்டோம். உலகம் மொத்தமாகத் தோன்றியதை யார் கண்டது? வேதத்தை ஏற்றும் படைத்த கடவுளை ஏற்காத மீமாம்சகர் அன்றே கேட்ட கேள்வி இது. இன்னொன்று: குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பீர்கள். உங்கள் சித்தாந்தத்திலேயே உலகுக்கு மூலப்பொருளான மாயை அநாதி (தொடக்கமற்றது), உயிர் அநாதி, வினையும் அநாதி. இத்தனையும் என்றும் இருக்கும்போது குயவன் எதற்கு?

பெண்ணையாறன்:
வினை சடம், அதாவது அறிவற்றது என்பதால்தான். ஒருவன் செய்த தீங்கு செய்த கணத்திலேயே முடிந்துபோகிறது. அதன் பயன் பல காலம் கழித்து, வேறு ஊரில், உரியவனையே போய்ச் சேர்கிறது. சேர்ப்பதற்கு அறிவுள்ள ஒருவன் வேண்டாமா?

கதிரொளி:
கன்மத்தை ஏற்றவரிடம் மட்டுமே இந்த வாதம் செல்லும். நான் ஏற்கவில்லை. ஈரமண்ணில் விழுந்த வேப்பங்கொட்டை யாரும் ஏவாமல் மேலே தளிரும் கீழே வேரும் விடுகிறது. ஒழுங்கு இருந்தாலே பின்னால் அறிவு இருக்க வேண்டியதில்லை என்பதை உயிரினங்களைக் கொண்டே 1859இல் டார்வின் காட்டினார்.

மாதங்கி:
சூத்திரத்தின் கூர்மையான இடத்தை இருவரும் தாண்டிப் போகிறீர்கள். இஸ்லாமிய அறிஞர் கசாலி போன்றோர் உலகத்தின் தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டு காரணத்தைத் தேடினார்கள். மெய்கண்டார் முடிவைப் பிடிக்கிறார்: எல்லாம் ஒடுங்கிய பின்னும் செயலாற்ற வல்லது எதுவோ, அதுவே மறுபடி தொடங்கி வைக்க முடியும். எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. ஆனால் ஒடுக்கத்தில் உயிர்களும் எஞ்சுகின்றனவே? அவை மலத்தில், அதாவது உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கில், மூழ்கிச் செயலற்றுக் கிடக்கின்றன என்று சொன்னால்தான் இறைவன் ஒருவனே மிஞ்சுவான். ஆக, வாதத்தின் பாரம் முழுவதும் ஆணவம் என்னும் அந்த மலத்தின் மேல் விழுகிறது. முதல் சூத்திரம் தனித்து நிற்காது. உயிரை மலம் மறைக்கிறது என்னும் நான்காம் சூத்திரம் வரை போக வேண்டும்.

பெண்ணையாறன்:
போவோம் அம்மா. அறிவதே உயிரின் இயல்பு என்றால், ஆழ்ந்த உறக்கத்தில் அது ஒன்றுமே அறியாமல் கிடப்பது ஏன்? மறைப்பது ஏதோ ஒன்று உண்டு.

கதிரொளி:
அறிவது மூளை; உறக்கத்தில் அதன் இயக்கம் மாறிவிடுகிறது. மறைப்பதற்கு இன்னொரு பொருள் தேவை என்பதை முதலில் காட்டுங்கள். காட்டினால் ஒடுக்கத்தைப் பற்றி மேலே பேசுகிறேன்.