லாக்-ஜாக்-கார்த்தியே: மக்கள்தொகை 0 என்றால் அங்கே என்னதான் இருக்கிறது?

வரைபடப்பித்தன்:
கனடாவின் கணக்கெடுப்பு அட்டவணையைப் புரட்டியபோது, கியூபெக் நகருக்கு வடக்கே லாக்-ஜாக்-கார்த்தியே என்றொரு பகுதி கண்ணில் பட்டது. பரப்போ பெரிது, மக்கள்தொகைக் கட்டத்தில் 0. நடுவே 175ஆம் நெடுஞ்சாலை வேறு போகிறது. சாலை இருந்தும் ஒரு சிற்றூர்கூட ஏன் முளைக்கவில்லை? யாருக்கும் சொந்தமில்லாத நிலமா?

கோப்புக்கட்டு:
சொந்தக்காரர் உண்டு, பெரும்பகுதி அரசு நிலம். 'ஒழுங்கமைக்கப்படாத பகுதி' என்றால் அங்கே தனி நகராட்சி இல்லை, அவ்வளவுதான். மேயர் இல்லை, அந்த வேலையை லா கோத்-து-போப்ரே வட்டார நிர்வாகம் பார்க்கிறது. கணக்கெடுப்பு நிரந்தரமாகக் குடியிருப்பவரைத்தான் எண்ணும். வேட்டைக்கு வந்து கொட்டிலில் தங்குபவர் கணக்கில் வரமாட்டார்.

மொன்றியல் லொறி:
தம்பி, உந்த ரோட்டாலதான் நான் வடக்கில இருக்கிற சகெனே நகருக்குச் சாமான் ஏத்திக்கொண்டு போறனான். ஸ்டோன்ஹாம் ஊரைத் தாண்டினதும் ஏற்றம் தொடங்கும். ஏறி முடிய இறக்கம் வரும் எண்டு பாத்தா, வராது. 700, 800 மீற்றர் உயரத்தில மேட்டு நிலமாவே போய்க்கொண்டிருக்கும். கூரான மலையள் இல்லை. பழைய பனியாறு தேய்ச்சு விட்ட மொட்டைக் குன்றுகள், இடையில ஏரி, சதுப்பு, கறுப்பு ஸ்புரூஸ் எண்ட ஊசியிலை மரம். கல்லுக்கு மேல மண் கொஞ்சம்தான்.

லாவால் பல்கலைக்கழகத்தின்ர மொன்மொரன்சி காடு அங்கதான் இருக்கு. வருசத்துக்கு 6 மீற்றர் அளவில சினோ (பனி) கொட்டுமாம். நம்புறன், வைப்பர் அடிச்சே கை அலுத்திருக்கு! உதில ஆர் உருளைக்கிழங்கு நடுறது?

குடியேற வந்த சனம் மேட்டை விட்டிட்டு, அங்கால லாக்-சென்-ஜோன் ஏரியைச் சுத்தின பள்ளத்துக்குத்தான் போச்சுது. பழைய கடல் விட்டிட்டுப் போன களிமண், நல்ல தோட்டத்தரை. 1888இல அந்த ஏரிக்கரை ஊர் ரோபெர்வாலுக்குப் போன ரயிலும் இந்த மேட்டைச் சுத்தி மேற்காலதான் போனது. 1895இல அரசாங்கம் லோரன்டீட் பூங்கா எண்டு அறிவிச்சுது. அதோட காணி வெட்டிக் குடுக்கிற கதையும் முடிஞ்சுது. ரோட்டு வந்தது எல்லாம் பிறகு.

ஆனா ஆளே போகாத இடம் எண்டு நினைக்காதேங்கோ. வென்டாக்கே ஊர் ஹியூரான்-வென்டாட் எண்ட பூர்வகுடிச் சனத்தின்ர பழைய வேட்டைக்காடு அது. 'இன்னு' எண்ட இன்னொரு பூர்வகுடிச் சனமும் திரிஞ்ச இடம். குடியிருப்பு இல்லை எண்டது இந்த அட்டவணை சொல்லுற கதை மட்டும்தான்.

வரைபடப்பித்தன்:
அருமை அண்ணே. 'லாக்' என்றால் ஏரிதானே, ஜாக்-கார்த்தியே ஆறு அந்தப் பெயருள்ள ஏரியிலதான் பிறக்குதா? அங்கே உயர்ந்த குன்று எது?

மொன்றியல் லொறி:
ஓம், அதிலதான். தெற்கால ஓடி டொன்னகோனா ஊரில சென்-லோரன்ஸ் பேராற்றில விழும். ஆனா வடக்குப் பக்கத்து பிக்கோபா ஆறு கெனோகாமி ஏரிக்குப் போய், சகெனே ஆற்று வழியால சுத்தித்தான் அதே சென்-லோரன்ஸுக்கு வரும். மழை எந்தப் பக்கம் விழுது எண்டதில இருக்கு விசயம். உயரமானது ரவூல்-பிளான்சார் மலை, 1,181 மீற்றர், ஒரு பிரெஞ்சுப் புவியியலாளரின்ர பேர்.

வரப்போறீங்கள் எண்டா லெத்தாப் எண்ட வழித்தங்கலில எண்ணெய் அடிச்சிட்டுப் போங்கோ, இடையில வேற இடம் இல்லை. ரோட்டோரம் வேலி போட்டிருக்கினம். எண்டாலும் இருட்டினா மூஸ் எண்ட பெரிய மான் குறுக்க வருதோ எண்டு பாத்துக் காரை ஓட்டுங்கோ. அதுக்குக் கால் நீளம் எண்டபடியால் கார் அடிச்சா உடம்பு நேரா கண்ணாடிக்குத்தான் வரும்.