சாட்டிலைட் படத்துல நெல் வயலைப் பாக்கத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, நான் சிங்கப்பூர்ல ஈசூன்ல இருக்கேன், மன்னார்குடி பக்கம் அப்பா தனியா மூணு மா (சுமாரா ஒரு ஏக்கர்) சம்பா போட்டிருக்காரு, முட்டி வலியோட தெனம் வரப்புல நடக்க முடியல, அதான் நான் வேலை முடிஞ்சு வந்து சென்டினல்-2 சாட்டிலைட் படத்துல என்டிவிஐ (பயிர் எவ்ளோ பச்சையா இருக்குன்னு காட்டுற எண்) பாத்துச் சொல்றேன். 10 மீட்டர் பிக்சல்ல நம்ம வயலுக்கு மொத்தமே 40 கட்டந்தான், ஓரத்துல இருக்குறது வாய்க்காலோட கலந்துடுது. வடக்கு மூலை மட்டும் 0.7லேர்ந்து 0.5க்கு எறங்கிருக்கு, அப்பா போய்ப் பாத்தா அடி இலையெல்லாம் நுனிலேர்ந்து மஞ்சளாம், தழைச்சத்து கொறைவா இல்ல தண்ணி தேங்குதான்னு புரியல. அஞ்சு நாளைக்கு ஒரு படம் வந்தும் ஐப்பசி மழைல எல்லாமே மேகம். மேகத்தத் தாண்டிப் பாக்குற சென்டினல்-1 ராடாரை நெல்லுக்கு யூஸ் பண்ணவங்க இருந்தா சொல்லிக் குடுங்க, தேக்கா பக்கம்னா ஞாயித்துக்கெழம நானே வர்றேன். அடுத்த உரம் வைக்கிறதுக்குள்ள அப்பாவுக்குச் சொல்லணும்.