ஓசூர் தாண்டுவதற்குள் தீர்ந்துபோன பொம்மைகள்

சிறு குழந்தைகளோடு நீண்ட விமானப் பயணம் போனவர்களின் அனுபவங்கள் இவை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் அம்மா:

கணவர் சிட்னியில் வேலை பார்ப்பதால், சென்ற ஆண்டு ஆனி மாதத்தில், ஐந்து வயது மகளையும் ஒன்றே முக்கால் வயது மகனையும் அழைத்துக்கொண்டு நான் தனியாகப் பெங்களூரில் விமானம் ஏறினேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய நேரடிச் சேவை அது. இடையில் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதால், அந்தப் பதினொன்றரை மணி நேரத்திற்கு மட்டும் கணக்குப் போட்டுப் பொம்மைகளை வாங்கி வைத்திருந்தேன்.

கணக்குத் தப்பியது அங்கேதான். நம் ஊரில் வண்டி ஏறி, ஓசூரையும் அத்திப்பள்ளிச் சுங்கச்சாவடியையும் கடந்து, பெங்களூர் நெரிசலில் ஊர்ந்து, ஹெப்பாளைத் தாண்டித் தேவனஹள்ளி போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆயிற்று. அங்குள்ள விமான நிலையத்தில் இன்னும் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். ஸ்டிக்கர் புத்தகம் சூளகிரியிலேயே தீர்ந்துவிட்டது. அதன் பாதி இன்னும் அந்த வாடகைக் காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மாங்கனிக் கண்காட்சியில் வாங்கிய பொம்மை விமானம் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அலறியதால், ஓசூருக்கு முன்பே பேட்டரியைக் கழற்றிவிட்டேன். ஓசை எழுப்பும் பொம்மையை வாங்கிக் கொடுத்துவிட்டு அழுத்தாதே என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஆக, விமானத்தில் உட்காரும்போது என்னிடம் மிஞ்சியிருந்தது, மாமியார் கைப்பையில் போட்டுவிட்ட ஒரு சுருக்குப்பை மட்டுமே. அதில் ஒரு கைப்பிடிப் புளியங்கொட்டையும், அவற்றோடு ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிய நான்கு கொட்டைகளும் இருந்தன. தாயம் உருட்டுவதற்கு அவர் இரவோடு இரவாக உட்கார்ந்து தேய்த்தவை அவை. மகன் எதையும் வாயில் போடும் வயதில் இருந்ததால், அவன் தூங்கும்வரை சுருக்குப்பையை நான் வெளியே எடுக்கவில்லை. பிறகு முன்னிருக்கையின் மடக்குப் பலகையில் போர்வையை மடித்து விரித்து, காகிதக் குவளையில் குலுக்கிப் போட்டு ஆடத் தொடங்கினோம். தாயம் அலுத்தபோது ஒற்றையா இரட்டையா ஆடினோம். அதுவும் அலுத்தபோது, மகள் கொட்டைகளைக் கரியது, பழுப்பு, சொட்டை என்று பிரித்துக் கல்யாணம் செய்துவைத்தாள். இரண்டு மணி நேரத்திற்கும் மேல் கழிந்தது.

முன்னிருக்கையில் இருந்த பெரியவர் அதற்கு முன்பே இரண்டு முறை திரும்பிப் பார்த்திருந்தார். மகளின் கால் அவர் முதுகில் இடித்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். மன்னிப்புக் கேட்டு அவளுடைய காலணிகளைக் கழற்றினேன். இடிப்பது நிற்காவிட்டாலும் வலிப்பது நின்றது. பிறகு உருண்டு போன ஒரு கொட்டையை அவரே குனிந்து எடுத்து, இது என்ன என்று கேட்டார். மகள் சைகையிலேயே விளக்கினாள். வெள்ளைப் பக்கம், கரும்பக்கம் என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

இறங்கும் நேரத்தில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்றது, அதாவது ஏறத்தாழ ஊட்டியில் இருப்பது போன்றது. இறங்க இறங்க அழுத்தம் கூடும். எச்சிலையோ பாலையோ விழுங்கினால்தான் காதுக்குள் அது சமமாகும். தூங்கும் குழந்தை அதிகம் விழுங்குவதில்லை. அசந்து தூங்குகிறானே என்று மகனை எழுப்பாமல் விட்டதன் பலனாக, கடைசி இருபது நிமிடங்கள் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டான். இறங்கத் தொடங்கும் அறிவிப்பு வந்ததும் எழுப்பிப் பால் கொடுத்திருக்க வேண்டும்.

சிட்னியில் தரும் பயணி அட்டையில் விதைகள் இருக்கின்றனவா என்ற கேள்வி உண்டு. ஆம் என்று குறித்துச் சுருக்குப்பையை நீட்டினேன். மறைத்தால்தான் அபராதம் என்பதால் எங்களுக்கு ஒன்றும் விதிக்கவில்லை. ஆனால் கொட்டைகளைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். "ஆயா தேச்சதும்மா அது" என்று மகள் அழுத அழுகை, பயணம் முழுவதிலும் அவள் அழுதவற்றில் மிக நீண்டது.

தருமபுரியிலிருந்து ஒரு தாத்தா:

மருமகளோடும் மூன்று வயதுப் பேரனோடும் தோகா வழியாக அமெரிக்கா சென்றேன். பிள்ளைகளுக்குத் திரையே காட்டக் கூடாது என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்த நான், இரண்டாவது விமானத்தில் ஆறாவது மணி நேரத்தில் தோற்றுப்போய் இருக்கைத் திரையைப் போட்டுவிட்டேன். அவர்கள் கொடுத்த ஹெட்ஃபோன் பெரியவர்களின் தலைக்கு ஏற்றது. பேரன் தலையில் நிற்காமல் கழுத்துக்கு இறங்கியதால், என் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி அதன்மேல் மாட்டினேன். நடுவானில் விமானம் குலுங்கியபோது அவன் முகம் வெளிறியது. "ஒகேனக்கல் பரிசலில் சுற்றிவிட்டார்களே, அதே மாதிரிதான்டா" என்றேன். அதன்பின் குலுங்காத நேரத்திலும், "தாத்தா, பரிசல்காரரை இன்னொரு தரம் சுத்தச் சொல்லு" என்று கேட்கத் தொடங்கிவிட்டான்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு சகோதரி:

சளி மருந்து கொடுத்தால் மகன் வழியெல்லாம் தூங்கிவிடுவான் என்று என்னிடம் பலர் சொன்னார்கள். எங்கள் குழந்தை மருத்துவர் கண்டிப்பாக மறுத்தார். தூக்கத்திற்காக அதைக் கொடுக்கக் கூடாது என்பதோடு, சில குழந்தைகளை அது தூங்கவிடாமல் துள்ளவும் வைத்துவிடும் என்றார். நான் ராகி உருண்டைகளை நெல்லிக்காய் அளவுக்கும் சிறிதாகப் பிடித்து, மணிக்கு ஒன்றாகக் கொடுத்தேன். அவன் மென்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். முழு வேர்க்கடலையைத் தவிர்த்தேன். புரையேறினால் வானத்தில் என்ன செய்வது? திரும்பி வரும்போது புளியங்கொட்டைக்குப் பதிலாக என்ன கொண்டு வந்தீர்கள், அக்கா?

கிருஷ்ணகிரியிலிருந்து அந்த அம்மா:

சட்டைப் பொத்தான்கள், சகோதரி. காருக்கு ஒரு பை, விமானத்திற்கு ஒரு பை என்று இம்முறை பிரித்து, இரண்டாவதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியும் விட்டேன். ஒற்றையா இரட்டையாவுக்குப் பொத்தான்கள் உதவின. தாயத்துக்கு அவை சரிப்படவில்லை, சரியாகக் கவிழவே மாட்டேன் என்கின்றன என்று மகள் சொல்லிவிட்டாள்.