கிரெனடாவில் சூறாவளிப் பருவம் முடியும்வரை படகைக் கரையேற்றி வைத்துவிட்டு ஊருக்குப் போவது எப்படி?

வடகாற்று:

வணக்கம் எல்லாருக்கும். 38 அடி ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு, ஃபின் கீல் (அடியில் துடுப்புபோல் இறங்கும் கனமான பகுதி), நீருக்குள் ஆழம் 2 மீட்டர், 3 சிலிண்டர் டீசல் எஞ்சின். மே கடைசியில் கரையேற்றிவிட்டு டொரோண்டோ போய், நவம்பர் கடைசியில் திரும்புவதாகத் திட்டம். ஒண்டாரியோவில் குளிர்காலத்துக்குப் படகை மூடி வைக்கிற முறை தெரியும். தண்ணீரை வடித்து, குழாய்களில் ஆன்டிஃபிரீஸ் ஓடவிட்டு, பிளாஸ்டிக் உறை சுற்றிவிட்டால் முடிந்தது. கரீபியனில் ஆறு மாத வெக்கைக்கும் மழைக்கும் அது சரிவராது என்று மட்டும் விளங்குகிறது.

காப்புறுதிக் கம்பனி 12°40' வடக்குக்குக் கீழே படகு இருந்தால் போதும் என்கிறது. அப்படியென்றால் கிரெனடாவுக்கு வடக்கே இருக்கும் காரியகூ தீவிலேயே விடலாமா? பாய்மரத்தை இறக்க வேண்டுமா? எஞ்சின், பேட்டரி, பூஞ்சணம் விஷயத்தில் என்ன செய்வது?

தென்முனை:

தம்பி, 12°40' என்பது காப்புறுதிக் கணக்குக்காகப் போட்ட கோடு. காரியகூ அதற்குக் கீழே, ஏறத்தாழ 12°28'-இல்தான் இருக்கிறது. 2024 ஜூலை 1 அன்று பெரில் 4-ஆம் வகைச் சூறாவளியாக அந்தத் தீவின்மேல்தான் ஏறியது. அங்கே டிரெல் பே யார்டில் (படகுகளைக் கரையேற்றி வைக்கும் இடம்) ஸ்டாண்டில் (பக்கவாட்டில் முட்டுக்கொடுக்கும் இரும்புக் கால்) நின்ற படகுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கண்டல் காட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டியவையும் தப்பவில்லை. 2004 செப்டம்பர் 7-இல் ஐவன் கிரெனடாவின் தென்கரையை ஒட்டிப் போனபோதும் யார்டுகளில் படகுகள் விழுந்தன. டிரினிடாடின் சகுவாராமஸ் 10°40'-இல் இருப்பதால் இன்னும் பாதுகாப்பு. ஆனால் அங்கே போக ஓர் இரவுப் பயணம், சுமார் 80 கடல் மைல். அந்தக் கடல்வழியில் கொள்ளைச் சம்பவங்கள் நடந்திருப்பதால் புறப்படும் முன் அப்போதைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கிரெனடாவில்தான் என்றால் தென்கரை யார்டுகளைப் பாருங்கள். வாடகையை விசாரிக்கும் முன் இரண்டு கேள்வி: வெல்டு செய்த எஃகுத் தொட்டில் உண்டா? தரையில் பதித்த நங்கூரக் கொக்கிகள் உண்டா? தனித்தனி ஸ்டாண்ட் மட்டும்தான் என்றால் 38 அடிக்கு 8-க்குக் குறைய விடாதீர்கள். எதிரெதிர் ஸ்டாண்டுகளைப் படகுக்கு அடியால் சங்கிலி போட்டு இணைக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த பிளைவுட். மழையில் மண் இளகி ஒரு கால் இரண்டு அங்குலம் இறங்கினாலே அந்த ஸ்டாண்ட் பாரம் தாங்காது, பக்கத்து ஸ்டாண்டில்தான் எல்லாம் போய் விழும்.

பாய்மரத்தை இறக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. கிரேன் செலவு இரண்டு தடவை வரும், உண்மைதான். ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நாலு மடங்கு. 16 மீட்டர் உயரத்தில் அது தள்ளும்போது நெம்புவிசை முழுவதும் ஸ்டாண்டுக்குத்தான் வருகிறது. சாதாரணக் காற்றிலேயே பாய்மரம் அதிர்ந்து அதிர்ந்து ஸ்டாண்டின் திருகு தளர்ந்துவிடும். இறக்க முடியாவிட்டால் முன்பாய், பெரிய பாய், பிமினி (வெயில் கூரை), ஸ்ப்ரேஹூட் (நீர்த்திவலை மறைப்பு), காற்றாலை, ரப்பர் படகு எல்லாம் கழற்றி உள்ளே. பாயைச் சுற்றியபடி ஃபர்லரில் (பாயைச் சுருட்டி வைக்கும் கருவி) விட்டுப் போகவே கூடாது. ஒரு முனை அவிழ்ந்தால் படகு விழும்வரை அது அடித்துக்கொண்டே இருக்கும்.

கட்டுவதற்கு நைலான் பட்டி வேண்டாம், இழுபடும். பாலியெஸ்டர் ராட்செட் பட்டி, பக்கத்துக்கு 3. டெக் ஓரத்தில் உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டிச் சுற்றுங்கள். தார்ப்பாய் போட்டால்கூட அதன் கயிற்றை ஸ்டாண்டில் கட்டாதீர்கள்; காற்று தார்ப்பாயைத் தூக்கினால் ஸ்டாண்டையும் பிடுங்கிக்கொண்டு போகும்.

கடைசியாக, பாலிசியில் பெயரிட்ட புயலுக்கான பகுதியை முழுக்க வாசியுங்கள். பாய்மரம், பட்டி, தொட்டில் பற்றி நிபந்தனை இருக்கும், கழிவுத்தொகையும் (இழப்பில் நாமே ஏற்கும் பங்கு) தனியாக இருக்கும். எல்லாம் கட்டி முடித்ததும் தேதி தெரியப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள்.

கீழறை:

எஞ்சின் பக்கம் நான் சொல்கிறேன்.

கரையேற்றுவதற்கு முதல் நாள் எஞ்சின் சூடாக இருக்கும்போதே எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய எண்ணெயில் அமிலம் சேர்ந்திருக்கும், ஆறு மாதம் பேரிங்கை அதில் ஊறவிடக் கூடாது. கரையில் ஏறியதும் கடல்நீர் உறிஞ்சும் குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டு, 20 லிட்டர் நல்ல தண்ணீர், பிறகு 10 லிட்டர் புரோப்பிலீன் கிளைக்கால் கலவை. உறைபனிக்காக இல்லை, அதில் இருக்கும் துருத்தடுப்பானுக்காக. பிறகு இம்பெல்லரை (கடல்நீர் பம்பின் ரப்பர் சக்கரம்) கழற்றிப் பையில் போட்டு, அந்தப் பையைச் சாவியோடு கட்டி வையுங்கள். அப்போதுதான் நவம்பரில் இம்பெல்லர் இல்லாமல் யாரும் ஸ்டார்ட் செய்ய மாட்டார்கள். புகைக்குழாயைத் துணியால் அடையுங்கள்.

டீசல் டாங்கை 95 சதவீதம் நிரப்பி, கிருமிக்கொல்லியைப் போத்தலில் போட்டிருக்கும் அளவில் ஊற்றுங்கள். நிரப்பாவிட்டால் பனித்துளி சேரும் என்பார்கள். கரீபியனில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு. தண்ணீர் பெரும்பாலும் டெக்கில் இருக்கும் மூடியின் ஓ-ரிங் வழியாகத்தான் இறங்குகிறது. சின்னச் செலவு, புதிதாக ஒன்று போட்டுவிட்டுப் போங்கள்.

இனி முக்கியமானது. பழக்கத்தில் எல்லா சீக்காக்கையும் (படகின் உடலில் உள்ள துவாரங்களின் வால்வு) மூடிவிட்டுப் போகிறார்கள். காக்பிட் (சுக்கான் பிடிப்பவர் உட்காரும் திறந்த பள்ளம்) வடிகால் அப்படி ஒரு வால்வு வழியாகப் போகிற படகில் அந்த வால்வை மூடினால், ஒரு பெருமழைக்கே காக்பிட் நிரம்பி, லாக்கர் வழியாக எஞ்சின் அறைக்குள் இறங்கும். கரையில் நிற்கும்போது சீக்காக் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். மற்றத் துவாரங்களுக்கு வெளிப்பக்கம் எவர்சில்வர் வலை ஒட்டுங்கள், பூச்சி ஏறாது. காக்பிட் வடிகாலுக்கு மட்டும் வலை வேண்டாம், இலை சிக்கி அடைத்துவிடும். கீல்வரை இறங்கும் பாய்மரம் என்றால், அதை நிறுத்தியே வைத்தால் உள்வழியாக மழைநீர் பில்ஜில் (படகின் அடித்தளப் பள்ளம்) சேரும். தானியங்கி பம்புக்கு 10 வாட் சோலாரோடு தனியாக ஒரு சின்ன பேட்டரி கொடுங்கள்.

படகுக்குள் விளக்கு, ஃபிரிட்ஜுக்கான பேட்டரி லெட்-ஆசிட் என்றால் முழுச் சார்ஜில், சோலார் கன்ட்ரோலரோடு. லித்தியம் என்றால் 50-60 சதவீதத்தில் நிறுத்தி, சார்ஜ், லோட் இரண்டையும் கழற்றிவிடுங்கள். 100 சதவீதத்தில் வெக்கையில் கிடந்தால் செல் சீக்கிரம் கெடும்.

உப்புத்திவலை:

பூஞ்சணத்துக்கு இரண்டு வழிதான், கலக்கக் கூடாது. ஈரமகற்றி வைத்தால் எல்லாக் காற்றுவழியையும் இறுக மூட வேண்டும். திறந்து வைத்தால் தீவின் ஈரம் முழுவதையும் அது உறிஞ்சப் பார்க்கும். ஈரமகற்றி இல்லையென்றால் எல்லாக் காற்றுவழியும் திறந்திருக்க வேண்டும்.

ஈரமகற்றி வாங்கும்போது திருகு சுவிட்ச் உள்ளதாகப் பாருங்கள். தொடுபொத்தான் உள்ள பலவற்றில் கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாது, யாராவது வந்து அழுத்த வேண்டும். யார்டில் கரண்ட் போகாமல் இருக்காது. அளவு 55-60 சதவீதம். தண்ணீர்க் குழாயைச் சமையல் தொட்டிக்குள் விடுங்கள். உட்சுவர், கூரை எல்லாம் வெள்ளை வினிகரால் துடைத்து உலரவிட்டுப் பூட்டுங்கள். மெத்தைகளைச் சுவரிலிருந்து தள்ளி நிமிர்த்தி வையுங்கள். ஃபிரிட்ஜ் கதவு திறந்திருக்கட்டும். பாயை நல்ல தண்ணீரில் அலசி முழுக்கக் காயவைத்துத்தான் மடிக்க வேண்டும், உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மாவு, அரிசி, அட்டைப்பெட்டி ஒன்றும் மிஞ்சக் கூடாது. கரப்பானுக்கு போரிக் அமிலமும் சீனியும் கலந்து மூலைகளில் வையுங்கள். மண்குளவியை யாரும் சொல்லவில்லை: டாங்கின் காற்றுக்குழாய், கேஸ் ரெகுலேட்டரின் துளை, இரண்டையும் மண் வைத்து அடைத்துவிடும். டாங்க் காற்றுக்குழாய் அடைபட்டால் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு டீசல் கிடைக்காமல் நிற்கும், அதுவும் துறைமுக வாசலில். மெல்லிய வலை சுற்றிக் கட்டுங்கள்.

நன்னீர் இயந்திரம் (கடல்நீரைக் குடிநீராக்குவது) இருந்தால் அதன் சவ்வைச் சோடியம் மெட்டாபைசல்பைட் கரைசலில் ஊறவைக்க வேண்டும். அது பொதுவாக 6 மாதம் தாங்கும், உங்கள் கணக்குக்குச் சரியாக எல்லையில் நிற்கிறது.

பேப்பர் வேலை: படகில் வந்தவர் விமானத்தில் போவதால், குடிவரவு அலுவலகத்தில் பணியாளர் பட்டியலில் உங்கள் பெயரை மாற்றிப் பதிய வேண்டும். திரும்பும்போது ஒருவழி டிக்கெட்டைப் பார்த்ததும் டொரோண்டோ கவுண்டரில் நிறுத்துவார்கள். படகின் பதிவுப் பத்திரமும், படகு தங்களிடம் நிற்கிறது என்று யார்டு தரும் கடிதமும் கையில் இருக்கட்டும்.

வடகாற்று:

எல்லாருக்கும் நன்றி. பாய்மரத்தை இறக்குகிறேன், தென்கரை யார்டில் தொட்டில் கேட்டு எழுதப்போகிறேன். இன்னொன்று: நவம்பரில் திரும்ப இறக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கீழறை:

லிஃப்ட் வரும் முன் எல்லா சீக்காக்கையும் மூடி, வலைகளை எண்ணிக் கழற்றுங்கள். ஒட்டியபோது எத்தனை என்று எழுதி வைத்தால் நல்லது. வேக சென்சாரைத் திரும்பப் போடுங்கள், இம்பெல்லரையும். ஆன்டிஃபவுலிங் (படகின் அடியில் பாசி, சிப்பி ஒட்டாமல் தடுக்கும்) பூச்சு மேயில் வேண்டாம், இறக்குவதற்குச் சில நாள் முன்பு அடியுங்கள்.

தண்ணீரில் இறங்கியதும் லிஃப்டின் பட்டியைக் கழற்ற விடாதீர்கள். தொங்கியபடியே வைத்துக்கொண்டு உள்ளே போய் ஒவ்வொரு துவாரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புரொப்பெல்லர் தண்டில் பெல்லோஸ் (மடிப்பு ரப்பர் குழாய்) வகை சீல் இருந்தால் அதைக் கையால் பின்னுக்குத் தள்ளி, காற்று வெளியேறித் தண்ணீர் பீறிடும்வரை பிடியுங்கள். காற்று உள்ளே நின்றால் சீல் உலர்ந்து தேயும். பிறகு எஞ்சினை ஓட்டிப் புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு லிஃப்ட்காரருக்குக் கை காட்டுங்கள்.